சுற்றுவழியே போவோம்

"கொடைக்கானல் பார்த்தாயிற்று. அப்படியே மூணாறுக்கும் ஒரு நடை போய் வரலாமா?"

வத்தலக்குண்டில் வந்து குடியேறிய இந்த 15 ஆண்டுகளில், எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். கேட்பதில் தப்பில்லை. வரைபடத்தை விரித்தால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து மலைகள். பழனிமலைத் தொடரின் மேற்கு முனை மூணாறு மலைகளின் தோளில் போய் இடிக்கிறது. மலைமேலேயே போகும் பழைய சாலையில் சுமார் 80 கிலோமீட்டர்தான். ஆனால் இன்று அந்த வழியில் போக முடியாது. கீழே இறங்கி, சமவெளியில் சுற்றி, மறுபடி மேலே ஏற வேண்டும். தேனி, போடி வழியாகப் போனால் சுமார் 170 கிலோமீட்டர். பழனி, உடுமலை வழியாகப் போனால் அதற்கும் மேல்.

"கண்ணெதிரே இருக்கிற ஊருக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போவதா?" என்று எல்லோரும் அலுத்துக்கொள்கிறார்கள். அந்த அலுப்பு இப்போது ஒரு மனுவாக வடிவம் எடுத்திருக்கிறது. மாலையில் எங்களோடு நடக்க வரும் நண்பர்கள் சிலர், மூடிக்கிடக்கும் பழைய சாலையைத் திறக்கச் சொல்லி அரசுக்கு எழுத வேண்டும் என்கிறார்கள். எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்தது. "நீங்கதானே சார் ஆபீஸ்ல இருந்தவர், நாலு வரி எழுதிக் கொடுங்க" என்றார்கள். புதுவை அரசில் எழுத்தராகக் காலம் தள்ளியவனுக்கு மனு எழுதுவது பெரிய வித்தை இல்லை. ஆனால் இந்த மனுவை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் என்னோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். ஆகவே கோப்பில் குறிப்பு எழுதுவதைப் போல, இரு பக்க நியாயத்தையும் வைத்து என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சாலையின் கதை. வெள்ளைக்காரர்கள் கொடைக்கானலில் குடியேறத் தொடங்கியது 1845-இல். அமெரிக்க மதகுருமார்கள் கட்டிய இரண்டு வீடுகள்தான் தொடக்கம். பிறகு மலைமுகட்டு வழியாகவே மூணாறுப் பக்கம் போக 19-ஆம் நூற்றாண்டில் ஒரு குதிரைப்பாதை ஏற்பட்டது. 1924 முதல் 1929 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த கோஷன் பிரபுவின் காலத்தில் அதைச் சாலையாக்கும் முயற்சி நடந்தது. அதனால் 'கோஷன் ரோடு' என்று பெயர்.

அதற்கு 'எஸ்கேப் ரோடு' என்றும் ஒரு பெயர் உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. ஏப்ரலில் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டார்கள். சென்னையில் பீதி பரவி, அரசு அலுவலகங்கள் பலவற்றை மூட்டை கட்டி உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றினார்கள். (கோப்பு மூட்டைகளோடு ரயிலேறிய அந்தக் காலத்து எழுத்தர்களை நினைத்தால் எனக்கு இன்றும் பாவமாக இருக்கிறது.) ஜப்பான்காரன் கரையிறங்கினால், மலைவழியாகவே கொச்சிப் பக்கம் தப்பிப் போக இந்தச் சாலையைச் செப்பனிட்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. ஜப்பான்காரன் வரவில்லை. தப்பி ஓடவும் தேவை வரவில்லை. சாலை மட்டும் நின்றது. சுதந்திரத்துக்குப் பிறகும் வண்டிகள் போய்வந்தன. 1990 வாக்கில் பொதுப் போக்குவரத்து நின்றுபோனது. இப்போது கொடைக்கானல் பக்கத்தில் மோயர் பாயிண்ட்டிலிருந்து பேரிஜம் ஏரி வரைதான், அதுவும் வனத்துறை அனுமதி பெற்ற வண்டிகள் மட்டும், போகலாம்.

அந்தச் சாலை போகும் இடம் எப்படிப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். பேரிஜம் ஏரியைத் தாண்டினால் சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறி வரும். வந்தரவு மலைப் பக்கம் சாலையின் உயரம் 8,000 அடியைத் தொடும். கொடைக்கானலே 7,000 அடிதான். கேரள எல்லைக்குள் நுழைந்தால் பாம்பாடும்சோலை தேசியப் பூங்கா. கேரளத்திலேயே மிகச் சிறிய தேசியப் பூங்கா அது. நீலகிரி மார்ட்டென் என்ற, கழுத்து மஞ்சளாக இருக்கும் அபூர்வமான மரநாய் இனம் அங்கே இருக்கிறது. நம் பக்கத்துக் காடு 2013 முதல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம். 600 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு.

"மரநாய்க்காகவா மனுஷன் சுற்றிக்கொண்டு போவது?" என்று ஒரு நண்பர் கேட்டார். மரநாயை விடுங்கள், தண்ணீரைப் பேசுவோம். சோலைக்காடு என்பது மழையைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் கசிய விடும் தொட்டி. பேரிஜத்துத் தண்ணீர் சோத்துப்பாறை அணை வழியாகப் பெரியகுளத்துக்குக் குடிநீராகவும், மாந்தோப்புகளுக்குப் பாசனமாகவும் போகிறது. தேவதானப்பட்டிக்கு மஞ்சளாறு, அய்யம்பாளையத்துக்கு மருதாநதி, பழனிப் பக்கம் வரதமாநதி, பாலாறு பொருந்தலாறு, குதிரையாறு. இவ்வளவுக்கும் தாய்வீடு அந்த மலைத்தொடர்தான். மலையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கும் நாம் எல்லோரும் அந்தத் தொட்டியிலிருந்து குடிக்கிறவர்கள். ஏற்கெனவே அதில் பாதியை வாட்டில் மரமும், யூகலிப்டஸும், பைனும் நட்டு மாற்றிவிட்டோம். மீதி இருப்பதற்கு நடுவே ஒரு நெடுஞ்சாலையைக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி, திறக்கச் சொல்கிறவர்களின் நியாயம். அதையும் குறைத்துச் சொல்லக் கூடாது. வயதானவர்கள் 6, 7 மணி நேரம் வண்டியில் உட்கார முடியாது என்கிறார்கள். உண்மை. எழுபதைத் தாண்டியவர்களுக்கு முழங்காலும் சிறுநீர்ப்பையும் சேர்ந்து நடத்தும் ஆட்சி எனக்கும் தெரியும். எரிபொருள் மிச்சம் என்கிறார்கள். கணக்குப்படி சரி. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, கிளாவரைப் பக்கத்து விவசாயிகள் பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் கேரளத்துக்கு நேரே அனுப்பலாம் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. அவசர நோயாளிக்கு உதவும் என்கிறார்கள்.

ஒவ்வொன்றாக வருகிறேன்.

நம்மைப் போன்ற முதியோர் பத்துப் பேர் மாதம் ஒருமுறை போவதற்காக மட்டும் சாலை திறக்கும் என்றால் நானே முதல் கையெழுத்துப் போடுவேன். ஆனால் திறந்த சாலை நமக்கென்று இருக்காது. கொடைக்கானலும் மூணாறும் தென்னிந்தியாவில் கூட்டம் அதிகம் குவியும் இரண்டு மலையூர்கள். இரண்டையும் 80 கிலோமீட்டரில் இணைத்தால், எல்லாச் சுற்றுலா வண்டிக்காரர்களும் 'மூன்று நாளில் இரண்டு மலை' என்று பலகை மாட்டிவிடுவார்கள். கொடைக்கானலின் நிலை என்ன? வண்டிகள் தாங்காமல்தான் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் ஆனது. 2025 ஏப்ரல் முதல் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். முன்வாசலில் கூட்டத்தைக் குறைக்க நீதிமன்றம் கயிறு கட்டுகிறது. நாம் கொல்லைப்புறத்துச் சுவரை இடித்து இன்னொரு வாசல் வைக்கச் சொல்கிறோம்.

இரண்டாவது, மலைச்சாலையை அகலமாக்குவது சும்மா இல்லை. 1940-களில் போட்ட ஒற்றைவழிப் பாதையில் இன்றைய பேருந்தும் லாரியும் எதிரெதிரே போக முடியாது. திறப்பது என்றால் அகலப்படுத்துவது. அகலப்படுத்துவது என்றால் மலையின் பாதத்தை வெட்டுவது. மூணாறுக்குப் பக்கத்திலேயே கேப் ரோடு என்ற பகுதியில் தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது 2019-இலும் 2020-இலும் பெரும் பாறைச்சரிவுகள் நடந்து போக்குவரத்து முடங்கியது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் பெருமழையால் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் லயங்கள் புதைந்தன. இறந்தவர்கள் 70 பேர். பெரும்பாலும் தமிழர்கள், நம் தென் மாவட்டங்களிலிருந்து தலைமுறைகளுக்கு முன் தேயிலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள். பெட்டிமுடிக்குச் சாலை காரணம் என்று நான் சொல்லவில்லை. அந்த மலைகளின் மண் எவ்வளவு பொறுக்கும் என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை. நம் பக்கமும் 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் பாதைகளை என்ன பாடு படுத்தியது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

மேல்மலைக் கிராமத்து மக்களின் தேவை வேறு, அதைச் சுற்றுலாவோடு கலக்கக் கூடாது. கிளாவரைக்காரருக்கு மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வட்டவடையில் உறவு இருக்கலாம், வியாபாரம் இருக்கலாம். அவர்கள் காலகாலமாக நடந்த பாதையில் நடக்கட்டும். அவர்கள் ஊருக்கு நல்ல சாலையும், கொடைக்கானலுக்கு நேரத்தில் பேருந்தும், ஆம்புலன்ஸும் வேண்டும். வன உரிமைச் சட்டம் 2006-இல் 3(2) என்ற பிரிவு இருக்கிறது. காட்டுக்குள் வாழும் மக்களுக்குச் சாலை, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்காக, கிராமசபை பரிந்துரைத்தால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மிகாமல், நிலம் ஒதுக்கலாம். அதன்படி ஏழை கேட்கட்டும், முதல் ஆளாக நான் எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் பெயரைச் சொல்லி விடுதிக்காரர்களுக்குச் சாலை கேட்பதுதான் வேண்டாம் என்கிறேன்.

அலுவலகப் புத்தியில் இன்னொன்று. இந்த மனுவைக் கலெக்டருக்கு அனுப்பி ஒன்றும் ஆகாது. சரணாலயத்துக்குள் சாலை என்றால் தேசிய வனவிலங்கு வாரியம் வரை போக வேண்டும். காட்டு நிலம் என்றால் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசு ஒப்புதல் வேண்டும். இரண்டு மாநில வனத்துறைகளும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பு நகர்ந்து முடிவதற்குள், கையெழுத்துப் போட்ட நாம் யாரும் பேருந்தில் ஏறும் நிலையில் இருக்க மாட்டோம். இருக்கிற வழியில் இந்த ஆண்டே போய் வருவது புத்திசாலித்தனம்.

"சாலை வேண்டாம், நடந்தே போகிறோம்" என்று சில இளைஞர்கள் என்னிடம் சொல்வதுண்டு. அவர்களிடம் குரங்கணியைச் சொல்கிறேன். 2018 மார்ச் 11, மலையேற்றத்துக்குப் போனவர்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கோடையில் அந்தப் புல் தீப்பெட்டி மாதிரி. அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள்.

சரி, எந்த வழியில் போவது? இருக்கிற இரண்டு வழியிலும் நானும் என் மனைவியும் பேருந்திலேயே போய் வந்தோம். இரண்டுக்கும் தனித்தனிக் குணம் உண்டு.

முதல் வழி தேனி வழி. கொடைக்கானலிலிருந்து வெள்ளி அருவி, பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை என்று இறங்கி, காட்ரோடு முனையில் வலப்பக்கம் திரும்பினால் தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி, போடி. (பெருமாள்மலையிலிருந்து அடுக்கம், கும்பக்கரை வழியாகப் பெரியகுளத்துக்கு ஒரு குறுக்குப்பாதையும் உண்டு. குறுகல், சரிவு, மழைக்கு மண் சரியும். வயதானவர்கள் அதில் துணிச்சல் காட்ட வேண்டாம்.) போடியைத் தாண்டினால் முந்தல், அங்கிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டு. அதுதான் மாநில எல்லை. பிறகு ஏலக்காட்டு வாசனையோடு பூப்பாறை, அதன்பின் தேயிலைத் தோட்டங்கள், மூணாறு. கீழே சூடு, மேலே குளிர், மறுபடி கீழே சூடு, மறுபடி குளிர். ஒரே நாளில் நான்கு பருவம்.

அந்த ஏற்றத்தில் ஒரு காட்சியைக் கவனியுங்கள். விடியற்காலையில் நெருக்கியடித்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும் ஜீப்புகள். தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்டக் கூலிக்குப் போகும் பெண்கள். மாலையில் அதே பாதையில் இறங்குவார்கள். நமக்கு அது அழகான மலைப்பாதை. அவர்களுக்கு அது தினப்படி வேலைக்குப் போகும் வழி. எங்கள் பக்கத்து இருக்கையில் அப்படி ஒரு அம்மா வந்தார். ஜீப்பைத் தவறவிட்டதால் பேருந்தில் வருவதாகச் சொன்னார். என் மனைவி சன்னல் பக்கம் இடம் கொடுக்கப் போனாள். "நீங்களே பாருங்கம்மா, நாங்க தினம் பாக்குறதுதானே" என்று சொல்லி அவர் கண்ணை மூடித் தூங்கிவிட்டார். சுற்றுவழி தூரம் அதிகம் என்று அதன்பிறகு என் மனைவி ஒருநாளும் குறை சொன்னதில்லை.

தேனி வழிக்கு இன்னொரு சாதகம், ரயில். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 2010 இறுதியில் மூடப்பட்டு, அகலப்பாதையாக மாறி, 2022-இல் தேனி வரையும், 2023 ஜூனில் போடி வரையும் ரயில் வந்துவிட்டது. மூணாறு முடித்துவிட்டு மதுரைக்கோ சென்னைக்கோ திரும்புகிறவர்கள் போடியிலேயே ரயில் பிடிக்கலாம். இந்த வழி வரலாற்றிலும் மூத்தது. மூணாறுத் தேயிலை ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடிய சிறு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியில் போடிக்கு வந்து சேர்ந்தது. 1924 பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மிச்சம்.

இரண்டாவது வழி பழனி வழி. பெருமாள்மலையில் பிரிந்து பழனிக்கு 64 கிலோமீட்டர். முருகனைக் கும்பிட்டுவிட்டு உடுமலை. அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஆனைமலைக் காடும் சின்னாறு சரணாலயமும். மழை மறைவுப் பிரதேசம் ஆகையால் முள்மரக்காடு, அதற்கு நடுவே தூரத்தில் தூவானம் அருவி வெள்ளை நூலாகத் தெரியும். யானை குறுக்கே வரும் பாதை, பகலில் மட்டும் போங்கள். பிறகு மறையூர். சந்தனக்காடு, கரும்பு, வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள், மலையில் பழங்காலக் கல்திட்டைகள். மறையூர் வெல்லம் புவிசார் குறியீடு பெற்றது. ஒரு உருண்டை வாங்கிச் சுக்குக் காப்பிக்குப் போட்டுப் பாருங்கள். அங்கிருந்து ஏறினால் இரவிகுளம், தென்னிந்தியாவின் உச்சமான ஆனைமுடி, மூணாறு.

யாருக்கு எது? வளைவு என்றால் வயிற்றைப் புரட்டுகிறவர்கள், பாதி வழியில் மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள், தேனி வழியில் போங்கள். தேனி பெரிய ஊர், எல்லா வசதியும் உண்டு. காடு பார்க்க ஆசை, கோயிலுக்கும் போக வேண்டும் என்கிறவர்கள் பழனி வழியில் போங்கள். போகும்போது ஒன்று, வரும்போது மற்றொன்று என்றால் உத்தமம். பழனிமலையை ஒரு முழுச் சுற்று வலம் வந்த புண்ணியமும் சேரும்.

எந்த வழியானாலும் ஒரே நாளில் போகாதீர்கள். இதுதான் நான் அழுத்திச் சொல்ல வருவது. நண்பர்கள் சொல்லும் கஷ்டமெல்லாம் 170 கிலோமீட்டரை ஒரே மூச்சில் கடக்க நினைப்பதால் வருவது. தேனியிலோ பழனியிலோ ஓரிரவு தங்குங்கள். காலை இட்லியை அளவாகச் சாப்பிட்டுப் புறப்படுங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இருக்கை பிடியுங்கள், ஆட்டம் குறையும். பையில் எலுமிச்சம்பழமும் இஞ்சி மரப்பாவும் இருக்கட்டும். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உள்ள மாத்திரைகள் கைப்பையில், பெட்டியில் இல்லை. இவ்வளவு செய்தால் எழுபது வயது உடம்பு தாங்கும்.

பழைய ஆட்கள் எப்படிப் போனார்கள் என்று பாருங்கள். வத்தலக்குண்டிலிருந்து ஏறும் காட் ரோடு முழுமையாகத் திறந்தது 1914 வாக்கில்தான். அதற்கு முன் அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்தில் (இன்றைய கொடைக்கானல் ரோடு) இறங்கி, இரவெல்லாம் மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்துக்கு வந்து, விடியலில் குதிரையிலோ நாற்காலி டோலியிலோ நடந்தோ ஏறினார்கள். மதுரை மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சுப் பாதிரியார்களும் அப்படித்தான் ஏறினார்கள். கொடைக்கானலில் 1860-களில் அவர்கள் கட்டிய சலேத் மாதா கோயில், பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள லா சலேத் என்ற சிற்றூரின் பெயரைத் தாங்கியது. அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பள்ளிக்கூட நினைவு வரும்.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் ஒரு வழக்கு உண்டு: சுற்றுவழியை 'ஷெமேன் தெஸெக்கோலியே' என்பார்கள். 'பள்ளிப் பிள்ளைகளின் வழி' என்று பொருள். பள்ளிவிட்ட பிள்ளை நேரே வீட்டுக்கு வராது. குளக்கரையைச் சுற்றி, நாவல் மரத்தடியில் நின்று, யார் வீட்டு நாயையோ சீண்டிவிட்டு வந்து சேரும். ஓய்வு பெற்றவனும் பள்ளிவிட்ட பிள்ளைதானே? பதிவேட்டில் கையெழுத்துப் போட ஓட வேண்டியதில்லை. நேரம் மிச்சம் பிடித்து நாம் எங்கே போடப் போகிறோம்?

வெளியூர்களில் இதைப் பெரிய குறையாக நினைப்பதில்லை. சுவிட்சர்லாந்தில் ஸெர்மாட் என்ற மலையூருக்குள் கார் போகக் கூடாது. எவ்வளவு பெரிய பணக்காரரும் 5 கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு ரயிலேற வேண்டும். மும்பைக்கு அருகே மாத்தேரானிலும் மோட்டார் வண்டிகள் ஊருக்குள் வராது. அங்கெல்லாம் சாலை போடத் தெரியாமல் இல்லை. வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள்.

நண்பர்களிடம் ஒரு மாற்று மனு எழுதித் தரத் தயார் என்று சொல்லியிருக்கிறேன். கேட்க வேண்டியவை: கொடைக்கானலிலிருந்து தேனி, போடி வழியாக மூணாறுக்குக் காலையில் குறித்த நேரத்தில், முதியோர் ஏறி இறங்க வசதியான படியோடு, தினம் ஒரு நேரடிப் பேருந்து. காட்ரோடு முனை, போடி, போடிமெட்டு மூன்று இடங்களிலும் தண்ணீர் வரும் சுத்தமான கழிப்பறை, அதில் பிடித்து எழ ஒரு கைப்பிடி. ஏலத்தோட்டப் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்துப் போகாமல் இருக்க, விடியலில் கூடுதல் பேருந்து. இவை எதற்கும் மத்திய அரசு ஒப்புதல் வேண்டாம், ஒரு மரமும் வெட்ட வேண்டாம். பணமும் சாலைச் செலவில் நூறில் ஒரு பங்கு ஆகாது என்று நினைக்கிறேன்.

குளிரில் நடுங்குகிறது என்று நினைத்து மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்த பேகன் ஆண்ட மலை இது. நம்மை யாரும் போர்வை கொடுக்கச் சொல்லவில்லை. மலைமேல் மிச்சமிருக்கும் பச்சைப் போர்வையை உருவாமல் இருக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018-இல். அடுத்த பெரும்பூப்பு 2030. அப்போது எனக்கு எண்பது நெருங்கியிருக்கும். உடம்பு இடம் கொடுத்தால் இந்தப் பக்கம் கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம் பார்த்துவிட்டு, தேனியில் இரண்டு இரவு தங்கி, பூப்பாறை வழியாக மெதுவாக ஏறி, அந்தப் பக்கம் மூணாறிலும் பார்க்க வேண்டும் என்று என் மனைவி இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். நடுவில் இருக்கும் மலையில் வண்டி போகாததால் அங்கே பூப்பதை நாங்கள் பார்க்க முடியாது. பரவாயில்லை, பூக்கட்டும்.